தையலுக்கு விட்ட ஓர் அங்குலம்

குஷன்காரருக்குக் கோபம் வந்தால் பட்டறையில் உள்ள நான்கு தையல் மிஷின்களும் தாமாக நின்றுவிடும். யாரும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. மிதித்துக்கொண்டிருந்த கால்கள் அப்படியே உறைந்துபோகும். தகரக் கூரையில் உட்கார்ந்திருக்கும் புறா எழுந்து பறக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "என் சத்தத்துல வளர்ந்த தொழில்யா இது" என்பார்.

சும்மா சொல்லக் கூடாது, உழைத்து வந்த மனிதர். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். பதினோரு வயதில் லாரியிலிருந்து பஞ்சு மூட்டை இறக்கினார். பதினைந்தில் ஊசி பிடித்தார். இருபத்து நான்கில் சொந்தமாக ஒரு மிஷின் வாங்கினார். அதற்கும் ஒரு கால் உடைந்திருந்தது, செங்கல்லை முட்டுக் கொடுத்துத் தைத்தார். இன்றைக்கு ஊருக்குள் ஓடுகிற பேருந்துகளில் பாதிக்கு அவர் தைத்த இருக்கைதான். படித்தவன், படிக்காதவன், பட்டம் வாங்கியவன் எல்லோரும் அவர் போட்ட தையல் மேல்தான் உட்கார வேண்டும். சினிமா தியேட்டர் ஒன்றில் அறுநூற்று இருபது இருக்கைகளுக்கு முப்பத்தெட்டே நாளில் உறை மாற்றிக் கொடுத்தார். அந்த அறுநூற்று இருபதை யாரிடமாவது சொல்லாமல் அவர் ஒருநாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்துப் பிறந்தவள் ஒரே மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வாலுவை ஊரிலேயே பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மூன்று மாடி, பதினாறு வேன், வாசலில் விறைப்பாக ஒரு காவலாளி. "நான் ஏறாத படியில எம்பொண்ணு ஏறணும்" என்று சொல்லிச் சொல்லித்தான் சேர்த்தார்.

ஏறினாள். எப்படி ஏறினாள் என்று அவர் பார்க்கவில்லை. காலை ஆறரைக்கு வேன் வரும். மாலை ஐந்து மணிக்கு அரைத் தூக்கத்தில் இறங்குவாள். பிறகு வீட்டுப்பாடம், நோட்டின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். மகளின் தூக்கம் தெளிந்த முகத்தை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பார்த்தார். மற்ற நாட்களில் வேன் ஹாரன் கேட்டதும் அவளுக்கு வயிறு வலிக்கும். "ஞாயித்துக்கிழமை வராத வயித்து வலி என்ன வயித்து வலி?" என்று அதட்டி அவரே பலமுறை வேனில் ஏற்றிவிட்டிருக்கிறார். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒருநாள் வேலை வந்தது. பிரின்சிபால் அறையில் மூன்று பேர் உட்காரும் சோபா, தொய்ந்துபோனது. ஆளை அனுப்பியிருக்கலாம், மகள் படிக்கிற இடமாயிற்றே என்று பையைத் தூக்கிக்கொண்டு அவரே போனார். பழைய உறையை உரித்தார். ஆணிகளைப் பிடுங்கினார். ஸ்பிரிங்குகள் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. வண்டியிலிருந்து ஸ்பாஞ்ச் எடுத்துவர வராந்தா வழியாகப் போனவர், நாலாம் வகுப்பு வாசலில் நின்றுவிட்டார்.

சுவரை ஒட்டி வாலு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கால்களும் ஒட்டியிருந்தன. இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால்.

"ஏய் வாலு, இங்க என்ன பண்றே?"

"நிக்கறேன்பா."

"அது தெரியுது. ஏன் நிக்கறே?"

"கணக்கு பீரியட்பா."

அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை என்பது போலச் சொன்னாள்.

"கணக்கு பீரியட்னா உள்ளதானே இருக்கணும்?"

"நான் மெதுவா எழுதறேன். போர்டுல இருக்கறதை மிஸ் அழிச்சிடுவாங்க. எழுதி முடிக்காதவங்க வெளிய நிக்கணும்."

"எத்தனை நாளா?"

"ஸ்போர்ட்ஸ் டேயிலேர்ந்து."

ஸ்போர்ட்ஸ் டே முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குஷன்காரருக்கு உச்சந்தலையில் ஏறியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வகுப்பு டீச்சர் சாக்பீசும் கையுமாகத் திரும்பினார்.

"சார், கிளாஸ் நேரத்துல பேரண்ட்ஸ் வரக் கூடாது."

"நான் பேரண்ட்டா வரலைம்மா. சோபா தைக்க வந்தேன். இப்பதான் பேரண்ட் ஆனேன்."

மூன்று மாடிக்கும் கேட்டது. பிரின்சிபாலே ஓடி வந்தார். ஒரு வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒருத்திக்காக எல்லோரையும் நிறுத்திவைக்க முடியாது என்று நிதானமாகத்தான் சொன்னார். அந்த நிதானம்தான் குஷன்காரரை இன்னும் கிளப்பிவிட்டது.

"அறுநூத்தி இருபது சீட்டு தைச்சவன்மா நான். மெதுவா போகுதுன்னு ஒரு சீட்டைக்கூட வெளிய நிக்க வெச்சதில்ல!"

மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிரின்சிபால் பின்னாலேயே வந்தார். "அந்த சோபாவை இப்படிப் போட்டுட்டுப் போனா எப்படிங்க?"

"நான் மெதுவாத்தான் வேலை செய்வேன். முடிக்கலைன்னா அதையும் வெளிய நிக்க வைங்க."

அந்தச் சோபா அப்படியே கிடந்தது. வேறு எந்தக் குஷன்காரரும் அதில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. அது தொழில்காரர்களுக்குள் உள்ள மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் அவர் வேறு பள்ளிக்கூடங்களின் பெயரை அடுக்கினார். அவர் மனைவி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். பட்டறையில் அளவு எழுதுவது, ஆர்டர் எடுப்பது எல்லாம் அவள் கைதான். அதிகம் பேச மாட்டாள். பேசினால் அதற்கு மேல் பேச்சு இருக்காது.

"இன்னொரு பள்ளிக்கூடத்துல இன்னொரு சுவர் இருக்கும்ங்க. நானே சொல்லித் தர்றேன்."

"வீட்டுலயா?"

"ஏன், வீட்டுல சுவர் இல்லையா? ஆனா அதுல யாரும் நிக்க வேண்டாம்."

விசாரித்துப் பார்த்தார்கள். வீட்டில் படிக்க வைக்கலாம், தடையில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலகத்தில் பிள்ளை பரீட்சை எழுத வேண்டும். தேறினால் இன்னொரு வருஷம் வீட்டில் படிக்கலாம். தேறாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். அதுவும் விட்டுவந்த அதே மூன்று மாடிப் பள்ளிக்கூடத்துக்குத்தான். அந்தச் சுவர்தான்.

செய்தி கேட்டு மனைவியின் அண்ணன் வந்தார். பதிவு அலுவலகத்தில் எழுத்தர். காலர் பட்டனைக் கழற்றாமலேயே உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, நீங்க அஞ்சு. அதுவும் அரை. தங்கச்சி பன்னெண்டு. ரெண்டையும் கூட்டினாலும் பதினாறரைதான். இதை வெச்சுக்கிட்டு பொண்ணை டாக்டராக்கப் போறீங்களாக்கும்."

"மச்சான், நீங்க பதினஞ்சு. ஒத்துக்கறேன். இருபது வருஷமா ஒரே நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க. அந்த நாற்காலிக்கும் உறை போட்டது நான்தான்."

"கோபப்படாதீங்க. ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பரீட்சையில ஒரே ஒரு மார்க் குறையட்டும், நானே அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அதே ஸ்கூல்ல விட்டுட்டு வரேன். இது என் வார்த்தை!"

"ஏங்க..." என்றாள் மனைவி. அதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

அப்புறம்தான் வீடு வீடாயிற்று. காலை எட்டு மணிக்கு மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பத்து வருஷத்தில் நடக்காத விஷயம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, வீட்டை ஒட்டிய பட்டறையில், துணி வெட்டும் மேசையின் ஒரு முனையில் அம்மாவும் மகளும் பாடம் படித்தார்கள். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் பகல் முழுவதும் இழுத்ததை இவர்கள் மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் சந்தேகம் கேட்டார்கள். புரியாத இடத்தில் மனைவி நின்றாள். அழிப்பதற்கு அங்கே போர்டும் இல்லை, அடுத்த பீரியடுக்கு மணியும் இல்லை. பின்னத்தில் வாலு பதினோரு நாள் நின்றாள். பன்னிரண்டாம் நாள் தானே கிளம்பிவிட்டாள்.

வயிற்று வலி போன இடம் தெரியவில்லை. கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்த விரல்களில் நகம் வளர்ந்தது. மதியம் தையல்காரர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினாள். விளையாட்டுப் பக்கம் வேண்டும் என்று ஒருவர் கேட்க, வானிலைதான் வாசிப்பேன் என்று இன்னொருவருக்காகச் சண்டை போட்டாள். மனைவியும் மாறினாள். மறுநாள் பாடத்துக்காக நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து படித்தாள். எரிமலை எப்படி வெடிக்கிறது என்று சாப்பாட்டுத் தட்டில் கரண்டியை வைத்து விளக்கினாள். பட்டறையில் எல்லோரும் குஷன்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒருநாள் வாலு கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். துணி கசங்கியது, வெட்டவில்லை. கூர்ந்து பார்த்தார். இடது கையில் பிடித்திருந்தாள்.

"ஏய், நீ இடது கையா?"

"ஆமாப்பா. ஸ்கூல்ல வலது கையிலதான் எழுதணும்னு சொல்லிட்டாங்க. அதான் மெதுவா எழுதினேன்."

அன்றைக்கு மிஷின்கள் நிற்கவில்லை, ஏனென்றால் அவருக்குச் சத்தமே வரவில்லை. பெற்ற மகள் எந்தக் கைக்காரி என்று ஒன்பது வருஷமாகத் தெரியாத தகப்பன்! வெளியே போனார், நான்கு கடை ஏறி இறங்கி இடது கைக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கிவந்தார். கடைக்காரன் ஒருவன் "இடது கையிலயெல்லாம் யாருங்க வெட்டறாங்க?" என்று கேட்டதற்கு அங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டான்.

புதுக் கத்தரிக்கோல் வந்ததும் அவள் கை பறந்தது. அளவெடுத்தாள், சாக்பீசால் கோடு போட்டாள், வெட்டினாள். தொழிலின் முதல் சட்டத்தை அவர் சொல்லிக் கொடுத்தார்: எந்த அளவானாலும் ஓரத்துக்கு ஓரம் அரை அங்குலம் தையலுக்கு விட வேண்டும். இருபது வேண்டுமானால் இருபத்தொன்று வெட்டு. ஒருநாள் வாலு மறந்துவிட்டாள். மருத்துவமனை ஒன்றில் காத்திருப்பவர்கள் உட்காரும் இருக்கைகள். அரக்கு நிற ரெக்சின், நல்ல சரக்கு. இருபதுக்குப் பதினெட்டு என்று சரியாக அதே அளவில் வெட்டிவிட்டாள்.

அன்றைக்கு ஒரு சத்தம் போட்டார்.

"கூட இருந்தா வெட்டலாம். கம்மியானா என்ன பண்ணுவே? ஒட்டவா முடியும்? சொல்லு! ஒட்டவா முடியும்?"

நான்கு மிஷினும் நின்றன. அந்த ரெக்சின் துண்டை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அதற்குப் பிறகு வாலு ஒருமுறைகூட மறந்ததில்லை. "பாத்தியா, ஒரு தடவைதான் சொன்னேன்" என்று மனைவியிடம் பெருமை வேறு. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வருஷம் ஓடிவிட்டது. பரீட்சை நாள் வந்தது. கல்வி அலுவலகத்தில் நீளமான அறை, ஒரு மேசை, வெளியே ஒரு பெஞ்சு. அதன் மேலுறை கிழிந்து ஸ்பாஞ்ச் எட்டிப் பார்த்தது. உட்கார்ந்ததுமே குஷன்காரர் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "மட்டமான ஸ்பாஞ்ச். எவனோ ஏமாத்தியிருக்கான்" என்றார். வாலு சிரித்தாள். பயப்படவே இல்லை. மொழிப் பாடத்தை எழுதினாள், அறிவியலை எழுதினாள், கணக்கை எழுதினாள். மனைவியும் அவரும் வெளியே காத்திருந்தார்கள்.

அதிகாரி அம்மாள் உள்ளே கூப்பிட்டார். கண்ணாடி போட்டவர். முகத்தில் சோர்வு தெரிந்தது, கெட்டவராகத் தெரியவில்லை.

"மொழிப் பாடம் ரொம்ப நல்லா எழுதியிருக்கா. அறிவியலும் அப்படித்தான். கணக்குலதான்... பத்துல ஆறு தப்பு. இது தேறாது."

"ஆறா?" குஷன்காரர் எழுந்தே விட்டார். "எம்பொண்ணா? எங்க பட்டறைக்கே அவதான் அளவு! அந்தத் தாளைக் கொடுங்க இப்படி."

"உட்காருங்க சார்."

"உட்கார மாட்டேன். உங்க பெஞ்சுல உட்கார்ந்ததே போதும்! திருத்தினது யாரு? அவரைக் கூப்பிடுங்க. நாலு அடி மேசைக்கு எவ்வளவு துணி வேணும்னு அவருக்குத் தெரியுமா? வாழ்க்கையில ஒரு ஊசி பிடிச்சிருப்பாரா?"

வராந்தாவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார். நாலு அடி நீளம், மூன்று அடி அகலமுள்ள மேசையை மூடத் துணி எவ்வளவு என்ற கணக்கு. வாலு அங்குலமாக்கி, நாற்பத்தொன்பதை முப்பத்தேழால் பெருக்கியிருந்தாள். பெருக்கலில் பிசகே இல்லை. குஷன்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடிச்சா பாருங்க! தையலுக்கு விட்டிருக்கா. ஓரத்துக்கு ஓரம் அரை இஞ்சு. இதுதாங்க சரி, உங்க விடைதான் தப்பு. உங்க விடையை வெச்சுத் துணி வெட்டினா மேசை பாதி அம்மணமா நிக்கும்!"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "சரி. துணிக்கு நீங்க சொல்றது நியாயம்னே வெச்சுக்குவோம்." பக்கத்தைப் புரட்டினார். "இது விளையாட்டு மைதானம். அறுபது மீட்டர், நாற்பது மீட்டர். பரப்பளவு கேட்டிருக்கோம். அறுபத்தொண்ணை நாற்பத்தொண்ணால பெருக்கியிருக்கா. மைதானத்துக்கும் தையல் போடுவீங்களா?"

குஷன்காரர் குனிந்து தாளைப் பார்த்தார். அறுபத்தொன்றுதான்.

அதிகாரி வாலுவைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ சொல்லும்மா. மைதானத்துக்கு ஏன் ஒண்ணு சேர்த்தே? அறுபதுன்னுதானே போட்டிருக்கு?"

வாலு அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சேர்க்க வேண்டாம்னு தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சேர்த்தே?"

"கூட இருந்தா வெட்டிக்கலாம். கம்மியாயிட்டா அப்பா கத்துவாரு."

கால்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. ஒரு வருஷத்துக்கு முன்னால், மூன்று மாடிப் பள்ளிக்கூடத்தின் வராந்தாவில், சுவரை ஒட்டி நின்ற அதே நிலை. சுவர் மட்டும்தான் இல்லை.

அதிகாரி அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் குஷன்காரர் காதில் பாதிதான் விழுந்தது. இரண்டு வாரம் கழித்துக் கணக்கு மட்டும் இன்னொருமுறை எழுதலாம். அது கடைசி வாய்ப்பு. "பிள்ளையை அம்மா மட்டும் கூட்டிட்டு வரட்டும்" என்றும் சொன்னார். வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கே மேசையைக் கவிழ்த்திருப்பார். இன்றைக்கு நேரே வெளியே நடந்தார்.

வீட்டில் வாலு விளையாடப் போன பிறகு மனைவி ஆரம்பித்தாள். அவள் சத்தம் போட மாட்டாள். அதுதான் தாங்க முடியாது.

"அந்த டீச்சர் அவளை வெளிய நிக்க வெச்சாங்க. நீங்க வீட்டுக்குள்ளயே நிக்க வெச்சிருக்கீங்க."

"நான் தொழில் சொல்லிக் கொடுத்தேன்டி!"

"ஆணியடிச்சு மாட்டினீங்களே, அதுவும் தொழிலா? தினம் அதைப் பார்த்துக்கிட்டேதான் அவ என்கிட்ட கணக்குப் போட்டா. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"என் கோபம் இல்லைன்னா இந்தப் பட்டறையே இல்ல!"

"இருக்கட்டும். பட்டறைக்கு வெச்சுக்குங்க. அவளுக்கு வேண்டாம்."

அந்தப் பேச்சு அங்கே முடிந்தது. குஷன்காரருக்குக் கொதித்தது. யார் மேல் பாய்வது என்றுதான் தெரியவில்லை. டீச்சர் மேல் பாய்ந்தாயிற்று. அதிகாரி மேலும் பாய்ந்தாயிற்று. கத்தரிக்கோல் கடைக்காரனைக்கூட விட்டுவைக்கவில்லை. தன் மேல் பாயும் பழக்கம் அவருக்கு இல்லை. ஐம்பத்தொன்பது வயதில் அதை எங்கே போய்க் கற்றுக்கொள்வது? இரண்டு நாள் பழைய இருக்கைகளிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் சுவரிலிருந்து அந்த அரக்கு ரெக்சினைக் கழற்றினார். மேசை மேல் விரித்தார். தையல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசையின் அந்த முனையில் வாலு பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள், பென்சில் நின்றுவிட்டது.

ரெக்சினை நீளவாக்கில் நடுவில் வெட்டினார். அடுத்து பச்சைச் சுருளிலிருந்து மூன்று அங்குல அகலத்தில் ஒரு பட்டை வெட்டினார்.

வாலுவால் பேசாமல் இருக்க முடியவில்லை. "மூணு இஞ்சு எதுக்குப்பா? ஒரு இஞ்சுதானே கம்மி?"

"நீயே போட்டுப் பாரு."

அவள் எழுந்து வந்தாள். பட்டையை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்தாள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "இங்க ஒரு தையல், இங்க ஒரு தையல். ஒரு தையலுக்கு அந்தப் பக்கம் அரை, இந்தப் பக்கம் அரை. ரெண்டு தையல்ல ரெண்டு இஞ்சு உள்ள போயிடும்... ஆமா, மூணு போட்டாத்தான் ஒண்ணு கிடைக்கும்!"

"ம்."

"அப்ப கம்மியானாலும் சேர்க்கலாமா?"

குஷன்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் உள்ளே போகவில்லை. சனியன் பிடித்த ஊசி என்று முணுமுணுத்தார்.

"சேர்க்கலாம். வேலை ஜாஸ்தி. அவ்வளவுதான்."

"அன்னைக்கு முடியாதுன்னீங்க?"

"அன்னைக்குக் கத்தினேன். கத்தறவன் சொல்றதெல்லாம் சரின்னு எவன் சொன்னான்?"

வாலு சிரித்தாளோ என்னவோ, அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குறுக்கேயும் ஒரு பட்டை சேர்த்தார். நடுவில் பச்சைக் கூட்டல் குறியோடு அது இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது ஆயிற்று. அவள் உட்கார்ந்து படிக்கிற நாற்காலிக்கு ஸ்பாஞ்ச் வைத்து அதையே உறையாகப் போட்டார். ஏறி உட்கார்ந்து பார்த்தவள், "கோணலா இருக்குப்பா" என்றாள். அறுநூற்று இருபது இருக்கை தைத்தவரிடம் சொல்கிற வார்த்தையா அது? தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினார்.

"பிரிச்சுத் திரும்பத் தைக்கறேன், எந்திரி."

"வேண்டாம், கோணலே இருக்கட்டும்."

இரண்டு வாரம் கழித்து மனைவியும் மகளும் மட்டும் போனார்கள். குஷன்காரர் பட்டறையில் இருந்தார். அன்று அவர் உடைத்த ஊசிகள் நான்கு. பேருந்து இருக்கை உறை ஒன்றைத் தையலுக்கு விடாமல் வெட்டிவிட்டார். யாரும் பார்ப்பதற்குள் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். எல்லோரும் பார்த்தார்கள்.

மதியம் அவர்கள் வந்தார்கள். மனைவி தாளை நீட்டினாள். பத்துக்கு ஒன்பது. கீழே முத்திரை: இன்னொரு வருஷம் வீட்டில் படிக்கலாம்.

"ஒண்ணு எது தப்பு?" என்றார். குரல் தானாக உயர்ந்துவிட்டது. ஒரு மிஷின் நின்றது.

"தெரியலப்பா. தெரிஞ்சிருந்தா சரியா எழுதியிருப்பேன்ல?" என்று சொல்லிவிட்டு வாலு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நின்ற மிஷின் மறுபடி ஓடியது.

முத்திரையின் மை காய்வதற்குள் போன் அடித்தது. மச்சான்தான். கல்வி அலுவலகத்திலும் அவருக்கு ஆள் உண்டு.

"மாப்பிள்ளை, ஒரு மார்க் போச்சாமே. வார்த்தை கொடுத்திருக்கீங்க. எப்ப ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் மொத்தத்துக்கும் அப்போதுதான் ஒரு விலாசம் கிடைத்தது.

"யோவ் மச்சான்! தேறியிருக்காளேன்னு ஒரு வார்த்தை வருதா உன் வாயில? ஐம்பத்தெட்டுப் பேர்ல ஒருத்தியா வெளிய நின்னப்ப எங்கய்யா போயிருந்தே? அப்ப உன் ஆள் யாரும் சொல்லலையா? வலது கையில எழுது, வேகமா எழுது, எழுதலைன்னா நில்லுன்னு எம்பொண்ணை ஊமையாக்கி வெச்சாங்களே, அந்த ஸ்கூலுக்கா நான் திரும்பக் கூட்டிட்டுப் போகணும்? வார்த்தையா? என் வார்த்தையிலயும் ஒரு இஞ்சு தையலுக்கு விட்டுத்தான்யா சொன்னேன்! அந்த நாற்காலியை அனுப்பு, நான் போட்ட உறையைப் பிரிச்சு எடுத்துக்கறேன்!"

நான்கு மிஷின்களும் நின்றன. புறா பறந்தது. மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

வாலு கோணல் நாற்காலியில் கால்களை ஆட்டிக்கொண்டே இடது கையால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ஆட்டுவதை நிறுத்தவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பா, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. மாமாவுக்குக் காது வலிக்கும்."

"வலிக்கட்டும்!" என்றார் குஷன்காரர். இருந்தாலும் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு மேலே திட்டினார்.